ஆத்தங்குடிப் பட்டறையில் புதுக் கருவி செய்தால் காப்புரிமை கிடைக்குமா?

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, கட்டம் கட்டமாக வண்ண சிமெண்ட் கலவை, அதன்மேல் மணலும் சிமெண்டும். சூளை கிடையாது, பளபளப்பு கண்ணாடியிலிருந்தே வருகிறது. இந்த முறைக்கு யாரும் காப்புரிமை (பேட்டன்ட்) வாங்க முடியாது. பரம்பரை அறிவை ஒருவர் தன் கண்டுபிடிப்பாகக் காட்ட 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இடம் தருவதில்லை. அதுதான் நியாயம்.

ஆனால் அச்சை எடுக்கும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்க ஒரு பட்டறைக்காரர் புதுக் கருவி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உலகில் எங்கும் வெளிவராததாகவும், தொழில் தெரிந்தவருக்கே எளிதில் தோன்றாததாகவும், தொழிலில் பயன்படுவதாகவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்வரை அவர் அனுமதியில்லாமல் இந்தியாவில் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. உரிமையைத் தக்கவைக்க ஆண்டுக் கட்டணம் உண்டு.

பதிலுக்கு, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பொதுவாக 18 மாதம் கழித்து அது வெளியாகும். பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரரும் படித்து, அதைவிட மேலான ஒன்றை யோசிக்கலாம். காலம் முடிந்தால் எல்லோருக்கும் பொது. தொழில் நுணுக்கம் ஒரே குடும்பத்துக்குள் பூட்டிக் கிடந்து, கற்றுக்கொள்ள ஆளில்லாமல் அழிந்துபோவதைவிட இது எவ்வளவோ மேல். காப்புரிமை புதுமையை வளர்ப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. விண்ணப்பிக்கும் முன் கருவியை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ போட்டுவிட்டால், அது புதியது என்ற தகுதி பெரும்பாலும் போய்விடும். முழு விவரம் தயாராகவில்லையா? சரி, தற்காலிக விவரக்குறிப்போடு முதலில் பதிந்துவிடுங்கள். முழு விவரம் தர 12 மாத அவகாசம் உண்டு. தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பிக்க 1,600 ரூபாய். அப்புறம் பரிசோதனைக்குத் தனியாக 4,000 ரூபாய் கட்டிக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கருதுவார்கள். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைச் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் கவனிக்கிறது.

கல்லில் வரும் புதுப் பூ வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு வேறு வகை. அது தனி ஆளுக்கல்ல, ஊர்த் தொழிலுக்கு.

கண்டுபிடித்தவர் பெண்ணாக இருந்து தன் பெயரில் விண்ணப்பித்தால், 8,000 ரூபாய் கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.