எதிர் வண்டி இல்லாத விபத்தில் யாரிடம் கேட்பது?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பெரும்பாலும் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். இறங்கும்போது மழை, பனிமூட்டம், வீடு போய்ச் சேரும் அவசரம். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்த் தடுப்புச் சுவரில் மோதும் காருக்கு எதிரே பல நேரம் வேறு வண்டியே இருக்காது. சேலம் நீதிமன்றத்தில் விபத்து வழக்குகள் நடத்தும் எனக்கு, பதில் சொல்ல மிகவும் கஷ்டமாக இருப்பது இந்த மாதிரி வருகிறவர்களிடம்தான். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குங்க" என்று பாலிசியை எடுத்து வைப்பார்கள். கார் ரிப்பேருக்கு அது போதும். ஓட்டியவருக்குப் போதாது.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபருக்கான, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாளுக்கான காப்பீட்டை ('தேர்ட் பார்ட்டி'). மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்ற இழப்பீட்டு மனு போட வேண்டுமானால், பொதுவாக வேறு ஒருவருடைய தவறைக் காட்ட வேண்டும். தன் வண்டியைத் தானே மோதியவர் மூன்றாம் நபர் ஆக மாட்டார். அதிவேகமாக ஓட்டித் தன் தவறாலேயே இறந்துபோன ஒருவரின் குடும்பம் கேட்ட இழப்பீட்டை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

அப்படியானால் பாலிசியில் இருக்கும் 15 லட்சம்? அது 'ஓனர் டிரைவர் பி.ஏ.', அதாவது உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. முன்பு காருக்கு 2 லட்சம்தான் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகே 2018-ல் 15 லட்சமானது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் யாருக்கு, எதற்கு என்பதில்தான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. ஆர்.சி. புக்கில் பெயர் இருப்பவருக்கு மட்டும். அவரிடமும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். உயிர் போனாலோ, இரண்டு கைகால்களோ இரண்டு கண்களோ போனாலோ, நிரந்தரமாக முழுமையாக முடங்கினாலோ முழுத் தொகை. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் பாதி. கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுத்திருந்தால்? ஒன்றுமில்லை. மருத்துவச் செலவும் அதில் வராது.

நான் பார்த்த ஒரு குடும்பத்தை அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், மனைவியோடு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வளைவில் சுவரில் மோதிவிட்டார். அவருக்குத் தொடை எலும்பு முறிவு. மனைவிக்குக் காறை எலும்பு. கார் அப்பா பெயரில். விபத்துக் காப்பீடும் அப்பாவுக்குத்தான். அப்பாவோ அன்று வீட்டில் இருந்தார். மகன் காரை இரவல் வாங்கி ஓட்டியவர் என்பதால் உரிமையாளரின் இடத்தில் வைத்தே பார்க்கப்படுவார். அவருக்கு வழக்கும் இல்லை, பி.ஏ. தொகையும் இல்லை. ஆனால் மனைவி கேட்கலாம். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (வண்டிச் சேதமும் மூன்றாம் நபர் பொறுப்பும் சேர்ந்தது, 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்பது இதைத்தான்) இருந்தால் காரில் பயணம் செய்தவர்களுக்கும் காப்பீட்டு நிறுவனமே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லியிருக்கிறது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியாக இருந்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்காது. பட்டறையில் ஆர்டர் நின்றுபோனது, வேலையாட்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் போனது, இதற்கெல்லாம் எந்தப் பாலிசியிலும் ஒரு ரூபாய் வரவில்லை. பணம் சம்பாதிக்கிறவர்தான் பெரும்பாலும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நாம் ஏனோ யோசிப்பதில்லை.

பாலிசியை எடுத்து பிரீமியப் பட்டியலைப் பாருங்கள். ஒரு பக்கம் வண்டிச் சேதத்துக்கான கணக்கு, இன்னொரு பக்கம் பொறுப்புக்கான கணக்கு. இரண்டாவதில் 'பி.ஏ. ஓனர் டிரைவர்' என்ற வரிக்கு எதிரே தொகை இருக்கிறதா? பலருக்கு அங்கே பூஜ்யம்தான். சில நூறு ரூபாய் குறையும் என்று ஆன்லைனில் புதுப்பிக்கும்போது 'ஏற்கெனவே வேறு விபத்துக் காப்பீடு உள்ளது' என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள். உண்மையிலேயே 15 லட்சத்துக்கு வேறு பாலிசி இருந்தால் சரி; இல்லாமல் டிக் போடாதீர்கள். புதுக் கார் வாங்கியவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்கு இருக்கும். வண்டிச் சேதமும் பி.ஏ.வும் பல பாலிசிகளில் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும்.

அப்புறம், கூடுதலாக என்ன எடுப்பது? கார் பாலிசியிலேயே பயணிகளுக்கான பி.ஏ. சேர்க்கலாம், சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்கான பொறுப்பையும் சொற்பத் தொகையில் சேர்க்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், வீட்டில் கார் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுப்பதுதான் முக்கியம். அது ஆளோடு போகும். யாருடைய காரை ஓட்டினாலும், பைக்கில் போனாலும், பட்டறையில் வழுக்கி விழுந்தாலும் பொருந்தும். காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'சரல் சுரக்ஷா பீமா' என்ற பொதுவான பாலிசி 2021 முதல் இருக்கிறது. இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம். அதில் தற்காலிக முழு முடக்கம் என்ற விருப்பப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போக முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம் வரும். 15 லட்சத்துக்கு வாரம் 3,000 ரூபாய். விபத்துக்கான ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்க்கலாம். சில நிறுவனங்களின் சொந்தப் பாலிசிகளில் வாரத் தொகை இதைவிட அதிகம், ஒப்பிட்டுப் பாருங்கள். வசதி குறைந்தவர்கள் வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டையாவது விட்டுவிடக் கூடாது. மரணத்துக்கு அதில் 2 லட்சம் கிடைக்கும்.

பெரும்பாலான பாலிசிகளில், குடித்துவிட்டு ஓட்டியவருக்குப் பணம் வராது.

கடைசியாக, ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு விஷயம். தனி வண்டி விபத்தில் "யார் மேல புகார் கொடுக்கறது, எதுக்கு போலீஸ் எல்லாம்" என்று, வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அதுதான் எழுதப்படும். பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் போனால் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் முதலில் கேட்பார்கள். அதில் கார் விபத்து என்றே இல்லையென்றால் நான் எவ்வளவு வாதாடினாலும் நிற்காது. எந்த இடம், எத்தனை மணி, வண்டி நம்பர் என்ன, ஓட்டியது யார் என்று உள்ளதை உள்ளபடி டாக்டரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். காவல் நிலையத்திலும் அன்றைக்கே தகவல் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.