மோட்டிவேஷன்: ஊஞ்சலில் இருந்து வந்த ஒரு தமிழ்ச் சொல்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று ஒட்டுத்துணிப் போர்வைகள் அரைகுறையாகக் கிடக்கின்றன. ஒன்று மருதமுனைக் கைத்தறிச் சேலைகளின் வெட்டுத்துண்டுகளில் தைப்பது. அடுத்தது அம்மாவின் பழைய நூல்சேலைகளில். மூன்றாவது தங்கச்சியின் கைக்குழந்தைக்கு. ஏணைக்குள், அதாவது துணித் தொட்டிலுக்குள், விரிக்கிற அளவுதான். போன கிழமை தங்கச்சி வந்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "துணி இருக்கு, நூல் இருக்கு, மிசினும் இருக்கு. ஒங்களுக்கு மோட்டிவேஷன்தான் இல்லக்கா" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் 'இல்லை' என்று அவள் சொன்ன அந்தச் சாமானுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

மோட்டிவேஷனின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'மொவேரே' என்றால் அசைத்தல், நகர்த்துதல். மோட்டார், மோஷன் எல்லாம் அதே குடும்பம்தான். ஆளை இருந்த இடத்தை விட்டு அசைப்பது எதுவோ அதுவே மோட்டிவேஷன். இதற்குத் தமிழில் உந்துதல், தூண்டுதல், உற்சாகம், ஊக்கம் என்று கைக்கு வந்ததை எழுதிவிடுகிறோம். நான்கும் ஒன்றல்ல.

உற்சாகம் வடமொழிச் சொல். மனக் கிளர்ச்சியைச் சொல்வது. புதுத் துணி வாங்கிய அன்று இருப்பது அது. உந்துதல் என்றால் தள்ளுவது. மோட்டார் சைக்கிளை இலங்கையில் உந்துருளி என்கிறோமே, அந்த 'உந்து'தான். இயந்திரத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. மனிதருக்குச் சொன்னால் பின்னால் நின்று யாரோ நெருக்குவது போலிருக்கிறது.

தூண்டுதல் அழகான சொல். எண்ணெய் விளக்கில் திரி உள்ளே இழுபட்டுச் சுடர் மங்கும்போது அதை மேலே தள்ளிவிடுவதுதான் தூண்டுவது. அதற்கு வைத்திருக்கும் சின்னக் குச்சிதான் தூண்டுகோல். இதை இன்ஸ்பிரேஷன் என்பதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மருதமுனைத் துண்டுகளில் ஒரு மஞ்சள் கரையும் ஒரு கருநீலக் கரையும் தற்செயலாகப் பக்கத்தில் விழுந்தன. 'இப்படி வைத்துத் தைக்கலாமே' என்று அப்போது பளிச்சென்று தோன்றியது தூண்டுதல். ஆனால் அந்தத் துண்டுகளைச் சேர்ப்பது லேசான வேலை இல்லை. கைத்தறித் துணியை வெட்டினால் ஓரத்தில் இழை பிரிந்து வந்துகொண்டே இருக்கும். தையலுக்கு விடும் ஓரத்தைக் கொஞ்சம் அகலமாக விட வேண்டும். நாற்பது துண்டைச் சேர்த்த பிறகும் போர்வை பாதிதான். அந்த இடத்தில் தூண்டுதல் உதவாது. அங்கே தேவைப்படுவதுதான் ஊக்கம்.

ஊக்கம் என்ற சொல்லை ஊக்கத்தொகை, ஊக்கமருந்து என்று தினமும் பார்த்துப் பழகிவிட்டதால் அதன் உள்ளே இருக்கும் படம் நமக்குத் தெரிவதில்லை. 'ஊக்கு' என்ற வினைக்கு அசைத்தல், ஆட்டுதல் என்றும் பொருள் உண்டு, அதிலும் ஊஞ்சலை. தெலுங்கில் 'ஊகு' என்றால் இன்றைக்கும் ஊஞ்சல்போல் ஆடுவதுதான். கலித்தொகையின் 37ஆம் பாட்டில் ஊஞ்சலில் இருக்கும் பெண் அந்தப் பக்கம் வந்தவனிடம் கேட்கிறாள்: "ஐய! சிறிது என்னை ஊக்கி". 'என்னைக் கொஞ்சம் ஆட்டிவிடுங்கள்' என்று அர்த்தம். அவன் "தையால்! நன்று!" என்று ஊக்குகிறான். கபிலர் பாட்டு இது. தையல் என்றால் பெண் என்றும் பொருள், துணி தைப்பது என்றும் பொருள். ஊசியோடு இருக்கும் எனக்கு அந்த வரியைப் படித்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

(சட்டைக்கு வைக்கும் ஊக்கு வேறு. அது ஆங்கில ஹூக் தமிழில் எடுத்த வடிவம். இந்த ஊக்கத்துக்குச் சொந்தமில்லை.)

ஆக, லத்தீன் சொல்லிலும் அசைவு, தமிழ்ச் சொல்லிலும் அசைவு. ஆனால் ஊஞ்சலின் அசைவு தனி ரகம். சித்திரைப் புத்தாண்டுக்கு மரக்கொப்பில் வடம் போட்டு ஊஞ்சல் கட்டினால், ஆட்டிவிடுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு நாலடி பின்னுக்குப் போவார். அப்புறம்தான் விடுவார். திரும்பி வருகிற ஊஞ்சலைப் பாதியில் தள்ளினால் வேகம் செத்துப்போகும். அது பின்னால் வந்து, ஒரு கணம் நின்று, திரும்புகிற நேரம் பார்த்துத் தொட வேண்டும். அப்போது சிறிய தள்ளலே போதும். 'சிறிது' என்றுதானே அந்தப் பெண்ணும் கேட்டாள்.

பின்னுக்குப் போவதைத் திருக்குறளும் ஊக்கத்தோடு சேர்த்தே சொல்கிறது:

"ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து" (486)

தகர் என்றால் ஆட்டுக்கடா. சண்டைக்கு நிற்கும் கடா, முட்டுவதற்காகத்தான் பின்வாங்கும். ஊக்கமுள்ளவன் அடங்கி இருப்பதும் அப்படித்தான் என்கிறார். காலமறிதல் அதிகாரத்தில் இந்தக் குறளை வைத்திருக்கிறார்; நேரம் பார்ப்பதும் ஊக்கத்தோடு சேர்ந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே நேரத்தில் பல போர்வை தைப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மடித்து வைத்த வேலை எல்லாம் செத்த வேலை இல்லை. மருதமுனைத் துண்டில் கை சலித்தால் அம்மாவின் சேலைக்குப் போகிறேன். எத்தனையோ தரம் தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன துணி. மேலே ஒரு சேலை, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடும்போது ஊசி தானாக இறங்குகிறது. அந்த ஓட்டத்தில் அரைமணி இருந்துவிட்டு எழும்பினால் சலிப்பு விட்டிருக்கும், கைத்தறியின் முரட்டு ஓரத்தைப் பார்க்கக் கோபம் வராது. இன்னொன்றும் பழகியிருக்கிறேன். வரிசை முடிந்த இடத்தில் நிறுத்துவதில்லை; பாதியில், நூல் கோத்த ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழும்புகிறேன். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

இந்தப் போர்வைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் குவில்ட் என்ற சொல்லையும் தேடினேன். லத்தீனில் மெத்தையைக் குறித்த 'குல்கிட்டா' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து குவில்ட் ஆனது. நமக்கு ஒட்டுத்துணிப் போர்வை போதும். கந்தை என்றும் சொல்லலாம், பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்தின் காந்தாவும் அதன் உறவுதான்; ஆனால் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் வறுமைதான் முதலில் கேட்கும். பரிசாகக் கொடுக்கிற போர்வைக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, எழுதும்போது எப்படிப் பயன்படுத்துவது? மோட்டிவேஷன் என்று பெயராக வரும் இடத்தில் ஊக்கம். ஒருவர் மற்றவருக்குச் செய்வதைச் சொல்ல ஊக்குதல் என்பதே போதும். ஊக்குவித்தல் என்று இன்று எல்லோரும் எழுதுகிறோம், பிழையில்லை; ஆனாலும் கபிலர் வைத்த குட்டைச் சொல் அப்படியே உயிரோடு இருக்கிறது.

இதையெல்லாம் தங்கச்சிக்குச் சொன்னேன். பிள்ளை ஏணையில் நித்திரை. அவள் ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, "அப்ப நான் தள்ளிவிட்டாச் சரியா?" என்று சின்னப் போர்வையை மடியில் இழுத்து வைத்தாள். நான் குத்திவிட்டிருந்த ஊசியிலிருந்தே தொடங்கினாள். எட்டுத் தையல், பத்துத் தையல். பிள்ளை சிணுங்கியது. "மறுகா வாறன்" என்று ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழும்பினாள். அவள் தையல் என்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம். அதைப் பிரிக்காமல், அந்த இடத்திலிருந்து அன்றிரவே ஒரு ஓரம் முழுக்கத் தைத்து முடித்தேன்.