மெராந்தி பூக்கும்போது மேலே என்ன நடக்கிறது?

மலேசியாவின் பகாவ் பக்கம் செம்பனைப் பூவை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். ஆண் பூங்கொத்தில் மொய்க்கும் சிறு வண்டுதான் பெண் பூவுக்கு மகரந்தம் சுமக்கிறது. 1981இல் தோட்டங்களில் விடப்பட்ட கேமரூன் வண்டு அது. அதற்கு முன் ஆள் வைத்துத் தூவினார்கள். அதே வட்டாரத்தில், மூன்று பக்கமும் செம்பனை சூழ நிற்கிறது பாசோ காடு. அங்கே மெராந்தி என்னும் காட்டு மரம் தலைக்கு மேலே பல பத்து மீட்டர் உயரத்தில் பூக்கிறது, அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான்.

அதே 1981இல் ஆய்வாளர்கள் அப்பனாவும் சானும் பாசோவில் கண்டதை வெளியிட்டார்கள். சில மெராந்தி வகைகளுக்கு மகரந்தம் சுமப்பது, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இலைப்பேன்! மாலையில் பூ விரியும். காலையில் இதழ்கள் சுழன்று உதிரும்போது இலைப்பேனும் தரைக்கு வரும். உதிர்ந்த பூவை நகத்தால் பிரித்தால், கோடு கிழித்தாற்போல் ஒன்றிரண்டு ஓடுவது தெரியும். பொழுது சாய்ந்ததும் அவை புதுப் பூ தேடி மேலேறும்.

மாணவர்களுக்கு இதைக் காட்ட, மரத்தின் உச்சியில் கட்டிய மேடையிலிருந்து கப்பிக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு 5, 15, 25, 35 மீட்டரில் வெள்ளைப் பசைத்தாள் கட்டுங்கள். கயிற்றின் அடியில் கல் கட்டாவிட்டால் தாள் சுழன்று கயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். மாலை ஐந்துக்கு ஏற்றி, காலை ஏழுக்கு இறக்கி, பத்து மடங்கு லென்சில் எண்ணலாம். பூக்காத மரத்திலும் ஒரு கயிறு வேண்டும். ஒப்பிட அது இல்லையென்றால் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

தாளில் ஒட்டியது பறந்த பூச்சி, அவ்வளவுதான். அது மகரந்தம் சுமந்ததா என்பதைப் பூவருகே உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். சரவாக்கின் லம்பிர் காட்டில் மர உச்சியில் அப்படிக் கவனித்தபோது, ஒரு மெராந்தி இனத்துக்கு வண்டுகளே முக்கியம் என்று தெரிந்தது, 1999இல் வெளியானது. ஆக, மேடைதான் இந்தப் பாடத்தின் உயிர். இருட்டில் பார்க்க மேடைக்குக் கொண்டுபோகும் விளக்கின் மேல் சிவப்புத் தாள் சுற்றுங்கள். வெள்ளை வெளிச்சம் பூச்சிகளை இழுத்துக் கணக்கைக் கெடுக்கும்.

மேடையை ஆணியடித்து நிறுத்தக்கூடாது. அதைத் தாங்கும் கம்பிவடம் நேராக மரப்பட்டையில் பட்டால், மரம் பருக்கப் பருக்க அது உள்ளே இறங்கிச் சாறோட்டத்தை அறுக்கும். இடையில் மரக்கட்டைகள் வைத்து, ஆண்டுதோறும் தளர்த்திவிட வேண்டும். ஏறுபவருக்கு இரண்டு கொக்கிகள். ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும்.

பூ விரியும் நேரமும் நம் ஊரில் இடி இடிக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் இடி கேட்டதும் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். கப்பிக் கயிறு இருப்பதால், மறுநாள் காலையில் தாள்களைத் தரையில் நின்றே இறக்கிக்கொள்ளலாம். மழையில் நனைந்ததை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.