நீர்க்கடுப்பும் குறைமாதப் பிரசவமும்: கர்ப்பிணிகள் கேட்டு வாங்க வேண்டியவை

கடலூர் பக்கம் சித்திரை, வைகாசியில் ஒரு கர்ப்பிணி "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று சொன்னால், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே பதில்தான்: சூடு. இளநீர் வெட்டுவார்கள், வெந்தயம் ஊறப்போடுவார்கள், நீர்மோர் வரும். இளநீரில் தவறில்லை. நிறையத் தண்ணீர் குடிப்பதும் நல்லதுதான். ஆனால் எரிச்சலுக்குக் காரணம் கிருமி என்றால் அது இளநீரோடு போகாது. கொஞ்ச நாள் அடங்கியிருந்துவிட்டு விலாவில் வலி, குளிர்காய்ச்சல், அப்புறம் நாள் ஆகும் முன்பே இடுப்புவலி என்று திரும்பி வரலாம்.

இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கோ மருந்துக்கோ அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. குழந்தை முன்னதாகப் பிறந்துவிட்டால் அதற்கான சிகிச்சைக்கும் அப்படித்தான். நம் ஊரில் பிள்ளைப்பேறு என்றதும் எல்லோரும் விசாரிப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயை. அதற்கான விண்ணப்பத்தில் காட்டும் அக்கறையில் பாதியைச் சிறுநீர்ப் பரிசோதனையில் காட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

37 வாரம் முடியும் முன் பிறப்பதைத்தான் குறைமாதப் பிரசவம் என்கிறார்கள். 2020-இல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள். உலகில் இதுதான் அதிகம். இரட்டைக் கரு, ரத்தக்கொதிப்பு, கருப்பைவாய் பலவீனம் என்று காரணங்கள் பல. அவற்றில் நேரத்தில் பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது பாக்டீரியாத் தொற்று. பிரசவம் எவ்வளவு முன்னதாக நடக்கிறதோ, அவ்வளவுக்குத் தொற்றின் பங்கும் கூடுகிறது.

கிருமி எப்படிப் பிரசவத்தைத் தூண்டுகிறது? பிறப்புவழியில் இருக்கும் பாக்டீரியா மெல்ல மேலேறிக் கருப்பைக்குள், பனிக்குடச் சவ்வு வரைக்கும் போய்விடுவது உண்டு. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும்போது அழற்சி உண்டாகி, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. மாதம் நிறைந்தபின் வலி எடுக்க வைப்பதும் இதே பொருள்தான். கருப்பைக்கு வேளை வந்துவிட்டதாகத் தோன்றி அது சுருங்க ஆரம்பிக்கிறது, கருப்பைவாய் இளகுகிறது. அதோடு சில நொதிகள் பனிக்குடத்தின் சவ்வை அரித்துவிடுவதால், வலியே இல்லாமல் நீர் உடைந்து போவதும் நடக்கும். சிறுநீரகத்தில் வரும் தொற்றும் காய்ச்சலும்கூட வலியைத் தூண்டிவிடும்.

கர்ப்பிணிக்கு நீர்த்தொற்று சுலபமாக வருவதற்குக் காரணம் உண்டு. கர்ப்பகால ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது. சிறுநீர் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது. போதாததற்கு, பண்ருட்டி முந்திரிக் கொட்டகையிலும் வயலிலும் வேலை செய்யும் பெண்கள் போக இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். இது அவர்கள் குற்றமில்லை, கழிப்பறை கட்டாதவர் குற்றம்.

நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு எரிச்சல், கடுப்பு எதுவுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும் என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் இவர்களில் கணிசமானவர்களுக்குத் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றாடம் பார்ப்பது ஆல்புமினும் சர்க்கரையும். கிருமி இருக்கிறதா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்வது கல்ச்சர் பரிசோதனை. "கல்ச்சருக்கு அனுப்பலாமா டாக்டர்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? 2011 ஜூன் 1-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்திலிருந்து. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, கட்டணம் இல்லை. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் பரிசோதனைகள், மருந்து, ரத்தம் ஏற்றுதல் எல்லாமே இலவசம். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள். வீட்டிலிருந்து வரவும், வேறு மருத்துவமனைக்கு மாற்றவும், திரும்ப வீட்டுக்குப் போகவும் வண்டி. கர்ப்பகாலத்தில் வரும் சிக்கல்களுக்கும், ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கும் பின்னர் இதை விரிவாக்கினார்கள். மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால் இந்தத் திட்டத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். 104-க்குப் போன் செய்தும் முறையிடலாம்.

இதெல்லாம் தடையில்லாமல் நடக்க முதலில் பதிவு வேண்டும். நாள் தள்ளியதும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி 12 வாரத்துக்குள் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். உதவித்தொகைக்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். முதல் வருகையில் எடுக்கும் ரத்தத்தில் சிபிலிஸ் பரிசோதனையும் உண்டு. இதுவும் பாக்டீரியா நோய்தான். கருச்சிதைவு, குறைப்பிரசவம் இரண்டுக்கும் காரணமாகும். பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும், கணவரும் சேர்ந்து சிகிச்சை எடுத்தால். நான்காம் மாதத்திலிருந்து, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி டாக்டரே பார்க்கும் இலவச முகாம் 2016 முதல் நடக்கிறது. வெள்ளைப்படுதலில் மீன் வாடை, நிறமாற்றம், அரிப்பு இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடலாம். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். டெட்ராசைக்ளின் போன்ற சில மருந்துகள் கருவுக்கு ஆகாது.

முகாம் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. காய்ச்சலோடு விலா வலி, விட்டுவிட்டு வயிறு இறுகுவது, நீர் கசிவது, ரத்தம் படுவது என்றால் உடனே 108. சீக்கிரம் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர டெக்சாமெத்தசோன் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடுவார்கள். பிரசவம் ஆகிற நேரத்தில் போய் நின்றால் அதற்கு அவகாசம் இருக்காது. "ஏழுல பொறந்தா பொழைக்கும், எட்டுல பொறந்தா பொழைக்காது" என்பார்களே, அது வெறும் பேச்சு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நல்லதுதான்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு, சிப்காட் தொழிற்சாலையானாலும் நெய்வேலியானாலும், இன்னொன்று. 26 வார மகப்பேறு விடுப்பு பலருக்குத் தெரியும். குறைமாதப் பிரசவத்தாலோ கர்ப்பத்தாலோ உடல்நலம் கெட்டால், மருத்துவச் சான்று கொடுத்து அதற்குமேல் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு கேட்கலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. குழந்தை இன்குபேட்டரில் இருக்கும்போது பெர்சனல் பிரிவில் யாரும் இதைத் தானாகச் சொல்வதில்லை.

கடைசியாக, எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு. கடலூர் பெண்கள் பலர் கோரிமேடு ஜிப்மருக்கோ எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ போகிறார்கள். 18,000 ரூபாய்த் திட்டம் தமிழ்நாட்டினுடையது, புதுச்சேரிக்காரர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தரும் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் இருக்கிறது. இலவச சிகிச்சைத் திட்டம் மத்திய அரசுடையது என்பதால் இரண்டு பக்கமும் பொருந்தும். கிளம்பும்போது தாய் சேய் அட்டையோடு கல்ச்சர் ரிசல்ட்டையும் பையில் வையுங்கள். அங்கே இருக்கும் டாக்டர் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க மறுபடி இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டியிராது.