ஏப்பம் விடும் மாடும் சினை நிற்காத மாடும்

அந்தியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மடிநோய் வந்த மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். "ஏனுங்க டாக்டர், மாடு ஏப்பம் விடறதாலதான் ஒலகமே சூடாகுதுன்னு செல்போன்ல சொல்றாங்களே, நெசமுங்களா?" என்றார் தோட்டக்காரர்.

நிஜம்தான். மாட்டின் பெருவயிற்றில் நார்த்தீவனம் நொதிக்கும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியே வெளியேறும். நாளொன்றுக்கு 200 முதல் 500 லிட்டர் வரை ஒரு மாடு விடும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றுவது இது. தீவனத்தில் இருக்கும் ஆற்றலில் 100க்கு 2 முதல் 12 பங்கு வரை இப்படியே போய்விடும் என்றதும் அவர் முகம் மாறியது. "அப்ப எம்பட தவுட்டுக் காசும் ஏப்பமாப் போகுதுங்களா?"

அவர் கட்டுத்தரையில் 4 மாடுகள். ஒழுங்காகக் கறப்பவை 2. மூன்றாவது, கன்று போட்டு 17 மாதமாகியும் சினை நிற்கவில்லை. வேளைக்கு ஒரு லிட்டர்கூடத் தேறாது. ஆனால் தீவனத்துக்கும் ஏப்பத்துக்கும் குறைவில்லை. மாடு 13 மாதத்துக்கு ஒரு கன்று போட்டால் 10 மாதம் கறக்கும், 3 மாதம் சும்மா நிற்கும். அதுவே 20 மாதமானால் பாதிக் காலம் வீண். கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலின் தலையிலும் அந்த வீண் மாதங்களின் மீத்தேன் ஏறுகிறது. மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்க்கைகள், கடற்பாசி என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. வரட்டும். என் அனுபவத்தில் நம் ஊரில் முதலில் சரிசெய்ய வேண்டியது சினை நிற்காத மாட்டைத்தான்.

காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. தாது உப்பு கொடுப்பதில்லை. தினம் 30 முதல் 50 கிராம் போதும். பருவத்துக்கு வந்த மாடு இரவில் கத்துவதை யாரும் கவனிப்பதில்லை. காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். ஊசி போடுபவருக்கு எப்போது நேரமோ அப்போது போட்டால் பலிக்காது. மூன்று முறை தவறினால் நான்காவது ஊசிக்கு அவசரப்படாமல் கருப்பையைச் சோதித்துப் பாருங்கள்.

தீவனத்தில் இன்னொரு தவறு. கோ-4 புல்லை ஆளுயரம் தாண்டும்வரை விட்டு, 'கட்டு பெருசா வருதுங்க' என்பார்கள். முற்றிய தண்டு செரிக்காது, பாலும் ஏறாது. முதல் அறுப்புக்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுத்து, நறுக்கிப் போடுங்கள். கூடவே வேலிமசால், அகத்தி போன்ற பயறுவகைத் தீவனமும் கொடுங்கள். புண்ணாக்கைப் பாசத்தில் அள்ளிப் போடுவதும் வேண்டாம். மிஞ்சிய புரதம் மூத்திரத்தில் போய் அம்மோனியாவாகக் கண்ணை எரிக்கும்.

சாணத்தைத் தண்ணீர் தேங்கும் குழியில் தள்ளினால் அங்கேயும் மீத்தேன்தான். மழைக்காலத்தில் அது வழிந்து கிணற்றில் இறங்கும். தினம் 50 கிலோ சாணம் கிடைத்தால் 2 கன மீட்டர் கோபர் கேஸ் (சாண எரிவாயு) கலனுக்குப் போதும். கலனிலிருந்து வெளிவரும் கழிவு நீரைப் புல்லுக்கே பாய்ச்சலாம். குழாய் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பாருங்கள். மிஞ்சும் வாயுவையும் திறந்துவிடாமல் எரித்துவிடுங்கள்.

அந்தத் தோட்டத்து மூன்றாவது மாட்டுக்குக் கருப்பையில் சீழ் இருந்தது. அதற்கு மருந்து கொடுத்து, தாது உப்பையும் தொடங்கினோம். இரண்டாவது பருவத்தில் ஊசி போட்டோம். சென்ற மாதம் கையை விட்டுச் சோதித்துப் பார்த்தேன், 3 மாதச் சினை. ஒழுங்காகக் கறக்காத நான்காவதை விற்றுவிட்டதாகச் சொன்னார்; தீவனச் செலவு குறைந்திருக்கிறது, சொசைட்டிக்கு ஊற்றும் பால் குறையவில்லை.