தலையால் முட்டிய பந்தும் தேய்ந்துபோன நினைவும்: கார்டன் மெக்குவீனை முன்வைத்து ஒரு மருத்துவக் குறிப்பு

மறதிநோய்ப் பிரிவுக்கு வருபவரிடம் ஒரு வட்டத்தைக் கொடுத்து, அதில் கடிகார எண்களை எழுதிப் பதினொன்று பத்துக்கு முள் வையுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கமான சோதனைகளுள் ஒன்று. ஸ்காட்லாந்தில் நான் பணிபுரிந்த காலத்தில், எழுபது வயதைத் தொட்ட முன்னாள் கால்பந்து வீரர் ஒருவர் பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, முள்களை வரையாமலே பேனாவைக் கீழே வைத்தார். மைதானத்தில் எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு விரல்களால் முன்நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பயிற்சியின்போது பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து முட்டுவார்கள் என்று அவருடைய மனைவி சொன்னார். அவருடைய கோப்பில் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் என எல்லாம் பதிவாகியிருந்தன. கால்பந்து என்ற சொல் மட்டும் எங்குமே இல்லை.

அந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு, ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் கார்டன் மெக்குவீனின் வாழ்க்கையைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1952-இல் ஸ்காட்லாந்தின் எர்ஷர் பகுதியிலுள்ள கில்பர்னி என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். அவருடைய தந்தை தொழில்முறை கோல் கீப்பர். ஆறடிக்கு மேல் வளர்ந்த மகனோ செயின்ட் மிரன் அணியில் தடுப்பாட்டக்காரராகத் தொடங்கி, 1972-இல் ஜாக் சார்ல்டனின் இடத்தை நிரப்பும் பொருட்டு லீட்ஸ் யுனைடெட் அணிக்கு அழைத்துக்கொள்ளப்பட்டார். 1973–74 பருவத்தில் லீட்ஸ் லீக் பட்டத்தை வென்றபோது அவர் அணியின் நடுத்தூண். 1978-இல் ஏறத்தாழ 5 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. 1983-இல் அங்கே எஃப்.ஏ. கோப்பையும் கிடைத்தது. நாட்டுக்காக 30 ஆட்டங்களில் ஆடி 5 கோல்கள் அடித்தார். அவற்றுள் ஸ்காட்லாந்து மறக்காதது 1977 ஜூன் மாதம் வெம்பிளியில் அடித்த கோல். ஆசா ஹார்ட்ஃபோர்ட் தூக்கிவிட்ட ஃப்ரீ கிக்கை, எல்லாத் தலைகளுக்கும் மேலே எழும்பி அவர் முட்டிய அந்தக் காட்சியை இன்று பார்க்கும்போதும் மெய்சிலிர்க்கிறது. இங்கிலாந்து 1–2 எனத் தோற்றது. ரசிகர்கள் உள்ளே புகுந்து கோல் கம்பத்தையே முறித்தார்கள்.

அந்த ஒரு முட்டலுக்குப் பின்னால், கணக்கில் வராத ஆயிரக்கணக்கான முட்டல்கள் பயிற்சி மைதானத்தில் நடந்திருக்கின்றன என்பதை நாம் நினைப்பதில்லை. பயிற்சி முடிந்து வீடு திரும்பும் தந்தை கடுமையான தலைவலியோடு இருட்டறையில் படுத்துக்கொள்வார் என்று, தொலைக்காட்சித் தொகுப்பாளரான அவருடைய மகள் ஹேலி மெக்குவீன் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். கார்டனுக்கு ரத்தநாளக் குறைபாட்டால் வரும் மறதிநோய் இருப்பதைக் குடும்பத்தார் 2021-இல் அறிவித்தார்கள். 2023 ஜூனில், தமது 70-ஆவது வயதில் அவர் காலமானார். மூளையைப் பரிசோதித்த கிளாஸ்கோ நரம்புநோயியல் பேராசிரியர் வில்லி ஸ்டூவர்ட், அதில் சி.டி.இ. எனப்படும் நோயின் தடயங்களையும் கண்டார். தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதோடு தொடர்புடைய மூளைச்சிதைவு அது. இறந்த பின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டுமே உறுதிசெய்ய முடியும்.

மயங்கி விழும் அளவுக்கு அடிபட்டால்தான் மூளைக்கு ஆபத்து என்று பலரும் நம்புகிறார்கள். மருத்துவர்களில் சிலரும் அப்படியே நினைப்பதுதான் எனக்கு வருத்தம். மூளை கெட்டித்தயிர் போல மென்மையானது. வேகமாக வரும் பந்தை நெற்றி தடுக்கும்போது மண்டையோடு சட்டென்று நிலைமாற, உள்ளிருக்கும் மூளை சற்றுப் பின்தங்கி அசைகிறது. அந்த நொடியில் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. ஒருமுறை நடந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இருபது ஆண்டுகள் தொடர்ந்து நடந்தால், டவ் என்னும் புரதம் இயல்பு குலைந்து, மூளை மடிப்புகளின் ஆழத்தில் சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றிப் படியத் தொடங்கலாம். வீரருக்கோ அன்று ஒன்றும் தெரிவதில்லை.

ஸ்டூவர்ட் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து தொழில்முறை வீரர்களைப் பொதுமக்கள் 23,028 பேரோடு ஒப்பிட்டது. மூளைச்சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு வீரர்களுக்குச் சுமார் மூன்றரை மடங்கு அதிகம். ஆயினும் அந்நோயையே முதன்மைக் காரணமாகக் கொண்டு இறந்த வீரர்கள் 1.7 விழுக்காட்டினர்தாம் (பொதுமக்களில் 0.5), இதயநோயால் இறந்தவர்களோ வீரர்களிடையே குறைவு. ஆகவே பிள்ளைகளை மைதானத்திலிருந்து இழுத்து வந்துவிட வேண்டாம். 2021-இல் வந்த தொடராய்வில் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு எனத் தெரிந்தது. கோல் கீப்பர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. மெக்குவீனின் தந்தை நின்ற இடத்துக்கும் மகன் நின்ற இடத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு அத்தனை பெரியது.

2020-இல் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுவர்கள் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தியது. 2022-இல் தொழில்முறை அணிகளும் ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் முட்டல் பயிற்சி வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டன. இவை இன்னும் முன்பே வந்திருக்க வேண்டிய விதிகள் என்பது என் கருத்து.

தலையடியோடு தொடர்புடைய இந்த மூளைச்சிதைவு பல நேரங்களில் மறதியாகத் தொடங்குவதில்லை. சாதுவான மனிதர் எரிந்து விழுவார். கணக்குப் பார்க்காமல் செலவழிப்பார். பழகிய சாலையில் திசை தடுமாறுவார். வயதான பிடிவாதம் என்று வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். டண்டீ யுனைடெட் அணியின் முன்னாள் வீரர் ஃபிராங்க் கோப்பலுக்கு மறதிநோய் கண்டறியப்பட்டபோது வயது 59. இலவசப் பராமரிப்புக்கு 65 ஆகியிருக்க வேண்டும் என்பது அன்றைய ஸ்காட்லாந்து விதி. அவர் 65-இல் இறந்தார். அவருடைய மனைவி அமாண்டா விடாமல் போராடியதால், 2019 ஏப்ரல் முதல் வயது குறைந்த நோயாளிகளுக்கும் அந்த உதவி கிடைக்கிறது.

உங்கள் வீட்டு முதியவர் கால்பந்து, குத்துச்சண்டை, ரக்பி போன்றவற்றில் பல ஆண்டுகள் ஈடுபட்டவர் என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆடினார், எத்தனை ஆண்டுகள் ஆடினார் என்ற இரண்டு விவரங்கள் போதும். அன்று அந்த நோயாளியின் கோப்பைத் திறந்து, புகைப்பழக்கம் என்ற வரிக்குக் கீழே, தடுப்பாட்டக்காரர், 14 ஆண்டுகள் என்று எழுதினேன். ஆண்டுக் கணக்கை விரல் விட்டு எண்ணிச் சொன்னவர் அவருடைய மனைவி.