ஜப்பானில் கம்பெனி தொடங்கிக் குடியேற: பிசினஸ் மேனேஜர் விசாவின் புதிய விதிகள்

‘50 லட்சம் யென் முதலீட்டில் கம்பெனி, ஜப்பானில் குடியிருக்க விசா’ என்ற விளம்பரங்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. அவற்றை நம்பி யாருக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். பிசினஸ் மேனேஜர் விசாவின் விதிகள் 2025 அக்டோபர் 16 அன்று மாறிவிட்டன. முன்பு 50 லட்சம் யென் மூலதனம் அல்லது இரண்டு முழுநேர ஊழியர்கள், இதில் ஒன்று போதும். இப்போது 3 கோடி யென் மூலதனமும் வேண்டும், குறைந்தது ஒரு முழுநேர ஊழியரும் வேண்டும். யென் மதிப்பைப் பொறுத்து அது ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி ரூபாய்.

இந்தப் பணம் வங்கியில் முடக்கி வைக்கும் வைப்புத்தொகை அல்ல. கம்பெனி பதிவானபின் வாடகை, சம்பளம், சரக்கு என்று தொழிலுக்குச் செலவழிக்கலாம். ஆனால் பதிவேட்டில் ‘மூலதனம்’ என்ற இடத்தில் 3 கோடி முழுதாக இருக்க வேண்டும். ஜப்பான் கம்பெனிச் சட்டப்படி, போட்ட பணத்தில் பாதிவரை மூலதனக் காப்பு நிதியாகக் காட்டலாம். வரியை மனத்தில் வைத்து அப்படிப் பிரித்துவிட்டால் பதிவேட்டில் ஒன்றரைக் கோடிதான் நிற்கும். விசா கைவிட்டுப் போகும். நீங்கள் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்த பணமும் கணக்கில் சேராது.

ஊழியர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்த ஒருவர் ஜப்பானியராகவோ, நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ, இவர்களின் வாழ்க்கைத்துணை விசாவிலோ நீண்டகால வசிப்பாளர் விசாவிலோ இருப்பவராகவோ இருக்க வேண்டும். பொறியாளர் விசாவில் இருக்கும் நண்பரை வேலைக்கு வைத்தால் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார். ஜப்பானிய மொழித் தகுதி தனி நிபந்தனை: விண்ணப்பதாரரோ முழுநேர ஊழியர் ஒருவரோ ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலைத் தேர்ச்சி அல்லது அதற்கு நிகரான தகுதி காட்ட வேண்டும். இதற்கு மட்டும் வேலை விசாவில் உள்ள வெளிநாட்டு ஊழியரையும் ஏற்கிறார்கள்.

விண்ணப்பதாரருக்குத் தொழில் நிர்வாகத்தில் 3 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். அல்லது மேலாண்மையிலோ அந்தத் தொழில் சார்ந்த துறையிலோ முதுநிலைப் பட்டம் அல்லது முனைவர் பட்டம். தொழில் திட்டத்தைப் பட்டயக் கணக்காளர், வரிக் கணக்காளர், சிறுதொழில் ஆலோசகர் ஆகியோரில் உரிமம் பெற்ற ஒருவர் படித்துப் பார்த்து, நடைமுறைக்கு ஒத்துவரும் என்று எழுதித் தர வேண்டும்.

இந்தியாவில் வசிப்பவர் பணம் அனுப்புவதற்குத் தனிக் கணக்கு உண்டு. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் வரம்பு ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர். 3 கோடி யென் சாதாரணமாக அதற்குள் அடங்கிவிடும். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20% டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். 1.75 கோடி அனுப்பினால் அதற்கு மேல் 33 லட்சம் ரூபாய் தயாராக இருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை கையிருப்பு முடங்கும். சொந்தக் கம்பெனியில் பங்கு வாங்குவது வெளிநாட்டு நேரடி முதலீடு என்பதால் வங்கியில் அந்த முதலீட்டைத் தெரிவிக்கும் எஃப்.சி. படிவமும் கொடுக்க வேண்டும். பணம் வந்த வழியை ஜப்பான் அதிகாரிகளும் கேட்பார்கள். நிலம் விற்ற பத்திரம், வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

அடுத்த முட்டுக்கட்டை வங்கிக் கணக்கு. மூலதனத்தைக் கட்ட ஜப்பான் வங்கியில் கணக்கு வேண்டும். ஜப்பானில் வசிப்பு அட்டை (அங்கே வாழும் வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள அட்டை) இல்லாதவருக்கு அங்கே கணக்கு திறப்பது மிகக் கடினம். வழக்கமான வழி, ஜப்பானில் இருக்கும் ஒருவரை இணை நிறுவனராகவோ இயக்குநராகவோ சேர்த்து அவர் கணக்கில் பணம் கட்டுவது. பெருந்தொகை இன்னொருவர் கையில் போவதால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

கம்பெனிப் பதிவு வரி மூலதனத்தில் 0.7%, அதாவது 2,10,000 யென். அலுவலகக் குத்தகை கம்பெனி பெயரில், தொழில் பயன்பாட்டுக்கென்று இருக்க வேண்டும். வீட்டையே அலுவலகமாகக் காட்டுவதை இப்போது பொதுவாக ஏற்பதில்லை. விர்ச்சுவல் ஆபீஸ் செல்லாது. உணவகம் என்றால் சுகாதார மையத்தின் அனுமதி, பழைய கார் வியாபாரம் என்றால் போலீசின் பழம்பொருள் வணிக அனுமதி. இவையெல்லாம் முடிந்த பிறகே, விசாவுக்கு முன்படியாக ஜப்பான் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம். பரிசீலனை மாதக்கணக்கில் நீளும்; அதுவரை வாடகையும் சம்பளமும் ஓடும். விசா கிடைக்காமலும் போகலாம் என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள். சான்றிதழ் வந்தால் 3 மாதத்துக்குள் ஜப்பானில் நுழைய வேண்டும்.

முதல் விசா பெரும்பாலும் ஓராண்டுதான். மூலதனம் 1 கோடி யென்னைத் தாண்டுவதால் நுகர்வு வரிக் கடமை முதல் ஆண்டிலேயே தொடங்கும். நஷ்டம் வந்தாலும் டோக்கியோவின் 23 வார்டுகளில் ஆண்டுக்குக் குறைந்தது 1,80,000 யென் உள்ளூர் வரி உண்டு. இயக்குநர் சம்பளம் எடுத்தால் சுகாதாரக் காப்பீடும் ஓய்வூதியமும் கட்டாயம். புதுப்பிக்கும்போது இந்தக் கட்டணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். காரணமின்றி நீண்டநாள் நாட்டுக்கு வெளியே இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். தொடர்ந்து இரண்டு நிதியாண்டு மொத்த லாபமே (விற்பனையில் சரக்கின் அடக்கவிலை போக மிஞ்சுவது) இல்லாவிட்டாலும் தொழில் நிலைக்காது என்று கருதுவார்கள்.

முழுத் தகுதியும் இன்னும் சேராதவர்களுக்கு ஸ்டார்ட்அப் விசா நல்ல படி. ஃபுகுவோகா போன்ற அங்கீகாரம் பெற்ற உள்ளாட்சிகள் தொழில் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தரும்; அதிகபட்சம் 2 ஆண்டு ஜப்பானிலேயே தங்கி ஏற்பாடுகளைச் செய்யலாம். வசிப்பு அட்டை கையில் இருப்பதால் வங்கிச் சிக்கலும் தளரும். அந்தத் தயாரிப்புக் காலம் 3 ஆண்டு அனுபவத்திலும் சேரும். கையில் பணம் இருப்பவருக்கும்கூட இந்த வழியையே பரிந்துரைப்போம்.

பழைய விதியில் விசா பெற்றவர்களுக்கு 2028 அக்டோபர் 16 வரை அவகாசம். அதுவரை புதுப்பிக்கும்போது தொழில் நிலையையும் புதிய தகுதியை எட்டும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நிபுணரின் மதிப்பீட்டையும் அதிகாரிகள் கேட்கலாம். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பவர் மட்டும் இந்த அவகாசத்தை எதிர்பார்க்க முடியாது: புதிய தகுதியை எட்டாமல் அது கிடைக்காது.